தனியாகத் தூது போகக் கூடாது

1

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை எழுதாமல் தப்பிக்கத்தான் இந்தக் கதை ஆரம்பமானது. ஒளிப்பானேன்? எழுதுகிறவள் மானசா. நாட்டுத் தலைநகரின் முனிர்காப் பகுதியில் இரண்டாம் மாடி அறை. பழைய கிரேக்க நகரங்கள் கூட்டாட்சியாகச் சேர்ந்த கதைதான் ஆய்வு. அடுத்த மாதம் கொடுத்தாக வேண்டும்.

முதல் தொடக்கம்: "கி.மு. 280. டைமே, பாட்ராய், ட்ரிட்டையா, ஃபாராய் என்ற நான்கு சின்ன ஊர்கள், மாசிடோனிய அரசனுக்கு எதிராக..."

ஒரு பெயராவது வாயில் நுழைகிறதா? அடித்தாயிற்று.

2

சரி, இங்கேயே வைத்துக்கொள்வோம். நான்கு அறைகள், ஒரு வீட்டுக்காரர். மொட்டைமாடி அறையில் வீட்டுவேலைக்குப் போகும் பொன்னி. அவளைக் காலி பண்ண வைக்க, வீட்டுக்காரர் அந்த அறைக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டார். நான்கு அறைக்காரர்களும் கூடி, மானசா சொன்ன கிரேக்க விதியைப் போட்டுக்கொண்டார்கள்: யாரும் தனியாகத் தூது போகக் கூடாது. ஞாயிறு காலை எல்லோரும் ஒன்றாக வீட்டுக்காரரிடம் போவது. (முதல் மாடி ஐயப்பன் எதற்கும் தலையாட்டுவார், கதைக்கு உதவ மாட்டார்.)

[அடிக்குறிப்பு: அந்த ஊர்கள் முதல் இருபத்தைந்து வருஷம் இரண்டு தளபதிகளை வைத்திருந்தன. ஒரே ஆளை நம்ப அவ்வளவு காலம் பிடித்தது. இங்கே ஐந்து நிமிஷம். "நீதான் ஹிந்தி நல்லா பேசுவ, முன்னால நில்லு தாயி," என்றாள் பொன்னி, மானசாவிடம்.]

3

"கீழ்த்தளத்து கௌஷிக் வியாழக்கிழமையே ரகசியமாக வீட்டுக்காரரிடம் போய்..."

இல்லை. கௌஷிக் சண்டைக்காரன், குப்பையை நடைவழியில் வைப்பவன், ஆனால் சொன்ன சொல் மாறமாட்டான். எத்தனை தடவை எழுதினாலும் போக மறுக்கிறான். சே!

போனது மானசா. "நீ படிக்கிற பொண்ணு, உன் ரூமுக்கு ஒண்ணும் ஆகாது. ஞாயித்துக்கிழமை மட்டும் வராதே," என்று வீட்டுக்காரர் ஹிந்தியில் சொன்னார். இவள், "அச்சா ஜி" என்று ஒப்புக்கொண்டாள். நல்ல ஹிந்தி! அதை நினைத்தாலே அவளுக்குத் தன்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

4

முடிவு ஒன்று: போகிறாள், அறை போகிறது, ஆய்வேடும் போகலாம்.

முடிவு இரண்டு: தலைவலி என்று படுத்துக்கொள்கிறாள். பொன்னி தனக்குத் தெரிந்த நான்கு ஹிந்தி வார்த்தைகளோடு முன்னால் நிற்கிறாள்.

முடிவு மூன்று:

கதவு தட்டப்படுகிறது. ஞாயிறு, மணி பத்து.

"தாயி, கெளம்பிட்டியா? எல்லாரும் கீழ நிக்கிறாங்க. நீ வந்தாதான் போவோம்."

மூன்றாவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கதவுக்கு வெளியே, பொன்னி பக்கத்தில் நின்று எழுதுங்கள். உள்ளேயிருந்து எழுதும்போதெல்லாம் இரண்டாவதுதான் வருகிறது.