நீலம் ஓடிய அலகு

அஞ்சலை விஷக்காய்ச்சலில் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது, பொன்னுதுரை யாரையும் கேட்காமல் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டான். பெண்டாட்டி எழுந்து நடந்தால் கன்னத்தில் அலகு குத்திக்கொள்வானாம். அவளும் எழுந்து நடந்தாள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா வருடத்துத் திருவிழாவும் அவர்கள் ஊரான காஜா பெராங்கில் நெருங்கிவிட்டது. காய்ச்சல் போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

வீட்டிலிருந்த பழைய அலகு வளைந்திருந்தது. லோரிப் பட்டறைக்காரன் அல்லவா, அவசரக் குடுக்கை, நெருப்பில் காட்டாமலே சுத்தியலால் நிமிர்த்தப் பார்த்தான். அது பட்டென்று இரண்டானது.

"வாய்க்குள்ள இப்படி ஒடஞ்சா?" என்றாள் அஞ்சலை.

"பச்சையா அடிச்சது என் தப்பு, புள்ள. அடிக்க அடிக்க இரும்பு வெறச்சுக்கும். புதுசு செஞ்சிர்றேன்."

லோரி சீட்டின் ஸ்பிரிங் கம்பியைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் ஆறப் போட்டான். ஆறிய கம்பி சொன்னபடி கேட்டது. நேராக்கி, முனை ராவி, மறுபடி சிவக்க வைத்து எண்ணெயில் முக்கினான். இப்போது அரமே அதன்மேல் வழுக்கியது. அதே மாதிரி முக்கிய துண்டுக் கம்பியை வளைத்துக் காட்டினான். அப்பளமாய் நொறுங்கியது.

"இன்னும் பதம் வரல. ஒன் குவாலி வேணும்."

கச்சான் கடலை வறுக்கும் மணலை அவள் குவாலிச் சட்டியில் சூடேற்றினாள். தேய்த்துப் பளபளப்பாக்கிய கம்பியை அவன் அதன்மேல் வைத்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெள்ளை இரும்பில் சந்தன மஞ்சள் படர்ந்தது. யாரும் பூசவில்லை, தானாக வந்தது. மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு கத்தரிப்பூ நிறமானது. இத்தனை காலம் இதே மணலில் வெறும் கச்சானைத்தானே புரட்டினோம் என்று அஞ்சலைக்கு உடம்பு சிலிர்த்தது. முனைக்கு முனை நீலம் ஓடியதும் பொன்னுதுரை கம்பியைத் தண்ணீரில் போட்டான். வளைத்தான், நிமிர்ந்தது.

"கையில வளையறது வேற, வாயில வேறங்க," என்றாள். அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

திருவிழாவன்று கோயில் வாசலில் தள்ளுமுள்ளு. யாரோ தோளில் சாய்த்து வந்த மூங்கில் கழி, கன்னத்துக்கு வெளியே நீண்டிருந்த அலகில் மோதியது. அலகு வில்லாய் வளைந்தது. கழி விலகியது, அலகு தானே நிமிர்ந்தது. பொன்னுதுரை கண்ணை மட்டும் சிமிட்டிவிட்டு நடந்தான்.

பூசாரி உருவிக் கொடுத்த அலகை அஞ்சலை வாங்கி, கன்னத்து ரத்தத்தோடு அப்படியே இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். உள்ளே போய் அம்மனைக் கும்பிட மறந்துபோனது, வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.