லிட்டருக்கு இருபத்தேழு புள்ளி எட்டு

காரை நிறுத்தி அணைத்தால், திரை இருண்டு போவதற்கு முன் சில நொடிகள் ஓர் எண் நிற்கும். அன்று சாயங்காலம் என் மனைவி வேலை முடிந்து வந்து வாசலில் காரை நிறுத்தியபோது, கதவைத் திறந்து விடுகிற சாக்கில் நான் குனிந்து பார்த்தேன். 27.8. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இருபத்தேழு புள்ளி எட்டு கிலோமீட்டர். முந்தின நாள் அதே காரில், அதே சாலையில் போய் வந்து நான் எடுத்தது 18.9.

"என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. கீழ ஏதோ விழுந்து கிடக்கற மாதிரி இருந்துச்சு."

நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இருபத்திரண்டு வருடமாகக் கற்றுக் கொடுக்கிறேன். நான் கற்றுக் கொடுத்தவர்களில் இருவர் இன்று ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார்கள். பள்ளியில் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். என் மனைவிக்குக் கற்றுக் கொடுத்தபோது மட்டும் அந்தப் பொறுமை இரண்டு நாள்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. ஒரு முட்டுச்சந்தில், "கண்ணு முன்னாடி இருக்கா, பின்னந்தலையில இருக்கா?" என்று கத்தினேன். அவள் இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ஓரமாக ஒழுங்காக நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போனாள். நான்கு மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு லைசென்ஸ் வந்து விழுந்தது.

கற்றுக் கொடுத்தது சகலை, அவள் அக்காவின் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். அடுத்த அறையில் குழந்தை தூங்குவது போலவே எப்போதும் பேசுகிற மனிதர். பழைய வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்தியாளை உட்கார வைத்து ஊர் சுற்றியிருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது.

போன வருடம் இந்த ஹைபிரிட் காரை வாங்கினோம். பெட்ரோல் இன்ஜினும் உண்டு, பேட்டரியும் மோட்டாரும் உண்டு. வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு, மிச்ச நாள் எனக்கு. அவள் வேலை பார்ப்பது செயற்கைப் பல் செய்கிற லேபில். மெழுகில் ஒரு பல்லைச் செதுக்கிக்கொண்டே அரை நாள் உட்கார்ந்திருப்பாள். அந்தக் கையோடுதான் ஸ்டியரிங்கையும் பிடிக்கிறாள் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். மனதுக்கு அது ஆறுதலாக இருந்தது, கையில் இருப்பது திறமையல்ல, பழக்கம் என்று. ஆனால் அவள் வாயைத் திறந்தாலே, "அத்தான் சொன்னாரு."

"சிக்னல் தூரத்துல தெரியறப்பவே காலை எடுத்துடணும். மெதுவா பிரேக்கைத் தொட்டா அந்த வேகமெல்லாம் பேட்டரிக்குத் திரும்பிப் போயிடும். திடீர்னு மிதிச்சா எல்லாம் சூடா வீணாப் போயிடும். அத்தான் சொன்னாரு."

"எனக்குத் தெரியாதாடி?"

"தெரியும்னா சரி."

எனக்குத் தெரியும். அதுதான் வேதனை. ஒரு கரும்பலகை கொடுத்தால் படம் போட்டே விளக்குவேன். ஆனால் இருபத்திரண்டு வருடமாக, பக்கத்தில் ஒருவர் ஓட்ட, வாத்தியாருக்கென்று என் பக்கம் தனியாக வைத்திருக்கிற பிரேக்கின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எவனோ குறுக்கே வருவான் என்று உடம்பு எப்போதும் எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். நான் ஓட்டும்போது கார் தெருவையே மிரட்டிக்கொண்டு போகும். அவள் ஓட்டினால் அது போவதே தெரியாது.

சும்மா விடவில்லை. டயர் நான்கிலும் காற்றைச் சரி பார்த்தேன். டிக்கியில் கிடந்த மடக்கு நாற்காலி, பழைய பெயிண்ட் டப்பா, அவளுடைய குடை எல்லாவற்றையும் இறக்கினேன். வேகாத வெயிலில் ஏசியை அணைத்துவிட்டு, சட்டை முதுகில் ஒட்ட, காலியான புறவழிச்சாலையில் முட்டையை மடியில் வைத்திருப்பவன் மாதிரி நாற்பது நிமிஷம் ஓட்டினேன். 22.3. இறங்கும்போது கால் மரத்துப் போயிருந்தது. வீட்டுக்குள் போய் அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவள் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "நேத்து இருபத்தெட்டைத் தொட்டுடுச்சுக்கா, அத்தான்கிட்ட சொல்லு" என்றாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

அதற்கடுத்த வாரம்தான் அது நடந்தது. ஒரு வங்கி ஊழியருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல அம்மா, கியரைக்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் மாற்றுவார். சிக்னலில் எங்கள் பக்கத்தில் சத்தமே இல்லாமல் ஒரு கார் வந்து நின்றது. எங்கள் வீட்டுக் கார். ஓட்டுகிற இடத்தில் அவள். பக்கத்தில் சகலை, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு. அவர் வண்டி ரிப்பேர், போகிற வழியில் இறக்கிவிட வேண்டும் என்று காலையிலேயே அவள் சொல்லித்தான் இருந்தாள். ஆனால் அவள் முகம் இருந்த விதத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தோள்கள் தளர்ந்து, உதட்டோரம் ஒரு சிரிப்போடு, எதற்கும் அவசரமில்லாத முகம். என் பக்கத்தில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பச்சை விழுந்ததும் கார் வழுக்கிக்கொண்டு போனது. எங்கள் பயிற்சி வண்டியும் நகர்ந்தது. என் கால் என்னைக் கேட்காமலே பிரேக்கை ஓங்கி மிதித்தது.

வங்கி அம்மா நடுங்கிப் போனார். "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா சார்?"

தப்பாக எதையும் நான் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தேவலை, அதற்குச் சண்டை போட ஒரு வழி இருக்கிறது. இதற்கு என்ன பேர் சொல்லிச் சண்டை போடுவது?

அன்று சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வெளியே போய்க் காரில் உட்கார்ந்தேன். திரையில் எட்டு மாதப் பயணங்களும் வரிசையாக இருந்தன. இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு, நடுநடுவே பல் விழுந்த மாதிரி என்னுடைய பத்தொன்பதுகள். பொத்தானை அழுத்திப் பிடித்தேன். எல்லாம் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை அவள் காரில் ஏறினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரைக்குக் கிட்டத்தில் குனிந்து பார்த்தாள். பிறகு உள்ளே வந்து சாவியை ஆணியில் மாட்டினாள்.

"பஸ்ல போறேன்."

"ஏன்?"

"எல்லாம் அழிஞ்சிருக்கு."

"கம்ப்யூட்டர்தானே, தானா ஏதாவது ஆகியிருக்கும்."

"தானா அழியாதுங்க. அழிக்கவான்னு ரெண்டு தடவை கேக்கும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ரெண்டு தடவையும் ஆமான்னு சொல்லியிருக்கீங்க."

மூன்று வாரம் பஸ்ஸில் போனாள். கார் முழுக்க எனக்கே கிடைத்தது. திரையில் என் எண்கள் மட்டும், ஒன்றின் கீழ் ஒன்றாக. போட்டிக்கு ஆள் இல்லாமல் நானே முதலாவது, நானே கடைசி. வீட்டில் அவள் பேசாமலும் இல்லை. சாப்பாடு வேணுமா, தண்ணி வந்துடுச்சா, கதவைச் சாத்துங்க. அளந்து வைத்த மாதிரி.

ஒரு மத்தியானம் எங்கள் பள்ளி இருக்கிற கட்டடத்தின் லிஃப்ட் நின்றுபோய், அதைப் பார்க்க வந்தவர் சகலை. வேலை முடித்து, கையில் கிரீஸோடு என் அறைக்கு வந்து, நாற்காலி அழுக்காகிவிடும் என்று நின்றுகொண்டே தண்ணீர் குடித்தார். என்னால் அடக்க முடியவில்லை.

"சகல, அவளுக்கு அப்படி என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?"

"நானா? நான் ஹைபிரிட்டை ஓட்டினதே இல்லையே. லிஃப்ட் வந்து நிக்கறது உள்ள இருக்கறவனுக்குத் தெரியக் கூடாது, காரையும் அப்படி நிறுத்திப் பாருன்னு ஒரு நாள் சொன்னேன். மிச்சமெல்லாம் அவளா வண்டியோட வந்த புத்தகத்தைப் படிச்சுக் கத்துக்கிட்டா."

"எல்லாத்துக்கும் அத்தான் சொன்னாருன்னு சொல்றாளே."

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "அப்படிச் சொன்னாத்தான் நீங்க காது குடுப்பீங்கன்னு நினைச்சிருப்பா." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லணும்னா, அவ ஓட்டினா எனக்குத் தூக்கம் வந்துடும் சகல. அன்னிக்கு வேலைக்குப் போறப்பகூட நல்லாத் தூங்கிட்டேன். அவ அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

அவர் போன பிறகு வெகுநேரம் அவர் வைத்துவிட்டுப் போன டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வண்டியிலும், யார் பக்கத்திலும், நான் ஒரு நிமிஷம்கூடக் கண்ணை மூடியதில்லை. பொறாமை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தத் தூக்கத்தின் மேல்.

அன்று சாயங்காலம் சமையலறை வாசலில் நின்றேன். "நான்தான் அழிச்சேன்."

"தெரியும்."

"நாளைக்கு நீ ஓட்டு. நான் பக்கத்துல வரேன். வாயே திறக்க மாட்டேன்."

அவள் பாத்திரத்தைக் கழுவி முடித்தாள். "வாயை விடுங்க. காலு?"

காலையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள், சிரிக்கவில்லை. கார் கிளம்பியதே தெரியவில்லை. பெரிய சாலையில் லாரி ஒன்று உரசுகிற மாதிரி வந்தபோது கைகளால் முழங்கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் காலை எடுத்தாள், அவ்வளவுதான். லாரி தன் பாட்டுக்குப் போய்விட்டது. திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன், மூன்று வரை எண்ணுவதற்குள் திறந்துகொண்டது.

லேபுக்குப் போகிற குறுகலான தெருவில் ஒரு நாய் நடுரோட்டில் படுத்திருந்தது. கார் ஊர்ந்து போய் அதற்கு நாலடி முன்னால் நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. இன்ஜின் ஏற்கெனவே அடங்கியிருந்தது. அந்த நிசப்தத்தில்தான் கேட்டது, அவள் வாய்க்குள்ளேயே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். சத்தமில்லை, மூச்சுதான், மூச்சின் மேல் ஒரு ராகம். எவ்வளவு நேரமாகப் பாடுகிறாள், எத்தனை வருடமாக, எனக்குத் தெரியவில்லை. தூங்கினவர் இதைக் கேட்டிருப்பாரா?

நாய் தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் பார்த்தது. எழுந்திருக்கும் என்று நினைத்தேன். காதை ஒருமுறை உதறிவிட்டு, மோவாயைத் திரும்பவும் தார்ச்சாலையின் மேல் வைத்துக்கொண்டது.