கோரினின் மூக்குக்கு மூன்று மணிக்கு நேர்முகம்

கோரினின் மூக்கு செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அதற்கு ஒரு வேலை நேர்முகம் இருந்தது.

நவம்பரில் பிடித்த சளி ஒரே வாரத்தில் விட்டது. போகும்போது மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால், குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார வசதி என்று விட்டிருப்பார்கள். கோரின் இருபத்தாறு வருடமாக சோனோமா திராட்சைப் பள்ளத்தாக்கில் ஒயினை முகர்ந்து சம்பளம் வாங்கியவள். பீப்பாய் வாயில் மூக்கை ஒரு தடவை நீட்டினால் போதும், திராட்சையை மழைக்கு முன் பறித்தார்களா பின் பறித்தார்களா என்று சொல்லிவிடுவாள். அவள் வேலை பார்த்த ஒயின் ஆலையைப் போன இலையுதிர்காலத்தில் விற்றுவிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில் அவளைக் கூப்பிட்ட ஒரே இடம், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி மலைச்சரிவில் இருந்த பிகோட்டி ஆலை. இப்போது எந்த ஒயினும் அவள் வாயில் வெறும் புளித்த தண்ணீர். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவன் வெண்டலிடமும்தான்.

வெண்டலோ நேர்முகத்தை உல்லாசப் பயணமாக்கிவிட்டான். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டுவண்டி ஒன்றை அண்ணனிடம் இரவல் வாங்கினான். பிப்ரவரியில் கூட்டமே இருக்காது என்றான். உண்மைதான். மொட்டைத் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே கடுகுப் பூ மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. அதைப் பார்க்க இவர்கள் இருவரையும் சில காட்டு வான்கோழிகளையும் தவிர ஆளில்லை.

கூட்டமில்லாத காலத்தில் வேறெந்த வசதியும் இருக்காது என்பதை வெண்டல் யோசிக்கவில்லை. வண்டியின் கக்கூஸ் தொட்டியைக் காலி செய்ய, இந்த மாதிரி வண்டிகள் தங்கும் முகாம்களில் ஒரு குழி இருக்கும். முகாமுக்கு முகாம் அந்தக் குழியின் மூடியில் பூட்டு, பூட்டின் மேல் ‘ஏப்ரலில் திறக்கப்படும்’ என்று அட்டை. அண்ணன் வேறு தொட்டியை அரைவாசி நிரப்பித்தான் கொடுத்திருந்தான், பெரிய மனது. மூன்றாம் நாள், நேர்முகத்தன்று காலை, நாலாவது பூட்டைப் பார்த்துவிட்டு வந்த வெண்டல், ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

“கோரி, உனக்குக் கோயில் கட்டணும்” என்றான்.

ஏனென்று கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

“மூணு நாளா ஒரு வார்த்தை சொல்லலயே நீ. உன் மூக்குக்கு இது என்ன கொடுமைன்னு எனக்குத் தெரியாதா? வேற பொம்பளையா இருந்தா என்னை அந்தத் தொட்டியிலயே முக்கியிருப்பா.”

கொட்டுகிற மழையில் இவன் ஏன் ஜன்னலைத் திறந்து வைக்கிறான் என்று மூன்று நாளாக அலுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போய் மூடியவள் கோரின்தான்.

“பழகிடுச்சு, விடு” என்றாள்.

அவன் கண் கலங்கியது. அது தியாகத்தைப் பார்த்தா தொட்டியினாலா என்று அவளால் சொல்ல முடியவில்லை. தன் சட்டையில், தலைமுடியில் அந்த நாற்றம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று அவனிடம் கேட்கவும் வழியில்லை.

செம்மரக் காட்டைத் தாண்டிச் சாலை கடலைத் தொட்டபோது மணி பன்னிரண்டு. கடல்மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, பக்கத்துக் கடையில் குழி பற்றி விசாரித்து வருவதாக வெண்டல் இறங்கினான். போகிற போக்கில் ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் போனான். கோரின் அடுப்பைப் பற்றவைத்து, சிப்பி சூப்பை ஏற்றினாள். ஜன்னல்களை மறுபடி மூடிவிட்டு, ஒயின் வாசனைகளை எழுதி வைத்த பழைய குறிப்பு நோட்டை எடுத்து மனப்பாடம் செய்ய உட்கார்ந்தாள். கறுப்புச் செர்ரி, ஈர மண், புகையிலை. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி தன் மூக்கு எழுதியதையே தான் படித்தாள்.

பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் சூப் ஆறிக் கிடந்தது. அடுப்பின் மேல் இருந்த சின்ன ஜன்னலை அவள் மறந்திருந்தாள், காற்றில் தீ அணைந்துவிட்டது. லைட்டரை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

கதவு திறந்தது. வெண்டல் இரண்டே எட்டில் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். லைட்டரை விரல் விரலாகப் பிரித்து வாங்கினான். அடுப்பைத் திருகி மூடினான், அவளை வெளியே இழுத்தான், வெளியே இருந்த சிலிண்டரையும் மூடினான். கேஸ் கசிந்தால் அலறுகிற பெட்டியை, தூக்கம் கெடுகிறதென்று அண்ணன் எப்போதோ கழற்றி வைத்திருந்தான்.

இருவரும் காற்றில் நின்றார்கள். கீழே அலை பாறையில் மோதிக்கொண்டிருந்தது.

“வாசலுக்கு அஞ்சடி முன்னாடியே எனக்கு கேஸ் வாடை வந்துச்சு. உனக்கு வரலயா?”

அவள் கடலைப் பார்த்தாள்.

“எப்பலேருந்து?”

“நன்றி நாளுக்கு முந்தின வாரம்.”

வெண்டல் மனதுக்குள் கணக்குப் போட்டான். நவம்பர் கடைசியில் வரும் அந்த நன்றி நாள் விருந்துக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் தனியாக ஒரு முழு வான்கோழியைச் சமைத்திருந்தான்.

“அப்ப என் வான்கோழி?”

“பாக்க நல்லா இருந்துச்சு.”

இந்த அடியிலிருந்து அவன் மீள ஐந்து நிமிடம் ஆனது. பிறகு, திரும்பிப் போய்விடலாம் என்றான். இந்த வேலையும் போனால் தன்னை இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றாள். பிகோட்டியில் எல்லோருக்கும் வைக்கிற சோதனை ஒன்றுதான், ஐந்து கிளாஸ் ஊற்றுவார்கள், ஒன்று மட்டும் கார்க் அடைப்பால் கெட்டுப் போன ஒயின், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கூட வந்தவருக்கும் ஊற்றுவது அங்கே மரியாதை. கெட்ட ஒயினில் என்ன வாசம் வரும் என்று வெண்டல் கேட்டான். ஈர நாய் மாதிரி என்றாள். நாய் வளர்த்தவனுக்கு அது தெரியாதா என்றவன், கெட்ட கிளாஸ் வந்ததும் தன் தலையில் இருக்கிற தொப்பியைக் கழற்றுவதாகச் சொன்னான்.

மூன்று மணிக்கு, சேறு படிந்த பூட்ஸோடு நோரா பிகோட்டி முற்றத்துக்கே வந்து வரவேற்றாள். ஆலையின் முதலாளி, குட்டையான பெண்மணி, அதிகம் பேசாதவள். கோரின் முகமெல்லாம் சிரிப்பாக வண்டியிலிருந்து இறங்கினாள். நோரா ஓரடி பின்வாங்கி, பிறகு கை கொடுத்தாள்.

ஐந்து கிளாஸும் மேசைக்கு வந்தன. கோரின் ஒவ்வொன்றாகச் சுழற்றினாள், முகர்வது போல் கண்ணை மூடினாள், ஓரக்கண்ணால் தொப்பியைப் பார்த்தாள். முதல் கிளாஸுக்குத் தொப்பி அசையவில்லை. இரண்டாவதுக்கு இறங்கியது. அப்பாடா என்று அவள் வாயைத் திறக்கும்போது மறுபடி தலையில் ஏறியது. மூன்றாவதுக்குப் பாதி எழுந்து நின்றது. நாலாவதுக்கு முழுசாக மடிக்கு வந்துவிட்டது. வெண்டலின் நெற்றியெல்லாம் வியர்வை. அவன் பார்வை மன்னிப்புக் கேட்டது.

நோரா காத்திருந்தாள். கோரினின் கையில் நாலாவது கிளாஸ். இதுதான் என்று சொன்னால் சரியாகவும் போகலாம். ஆனால் மதியம் இதே கையில்தான் லைட்டர் இருந்தது, அப்போதும் எல்லாம் சரியாகத்தான் தோன்றியது. நாளைக்கு இந்த ஆலையின் பீப்பாய்களுக்கு முன்னால் அவள் தனியாக நிற்க வேண்டும், தொப்பியும் இருக்காது.

கிளாஸைக் கீழே வைத்தாள்.

“எனக்கு மோப்பம் போயிடுச்சு. மூணு மாசமாச்சு.”

“தெரியும்” என்றாள் நோரா. “அந்த வண்டியிலேருந்து சிரிச்ச முகத்தோட இறங்கினீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. மூக்குன்னு ஒண்ணு இருக்கிறவங்க அதுல ஒரு மைல்கூட வரமாட்டாங்க.”

“அப்புறம் எதுக்கு ஊத்தினீங்க?”

“ஊத்தாம அனுப்பறது மரியாதையா? அப்புறம் உங்க வீட்டுக்காரர் தொப்பிய வச்சு என்னமோ பண்ணினாரு, பாதியில நிறுத்த மனசு வரல.”

மோப்பம் திரும்பினால் போன் செய்யச் சொன்னாள். நம்பர் தரவில்லை. ஆலைக்குப் பின்னால் கழிவுக் குழி இருக்கிறது, மூடியில் பூட்டில்லை, ஊருக்கு உபகாரமாகத் தொட்டியை அங்கே காலி செய்துவிட்டுப் போகச் சொன்னாள். நேர்முகத்தில் தேறியது அது ஒன்றுதான்.

வெண்டல் குழாயை மாட்டிவிட்டு இருபது அடி தள்ளி ஓடி, சட்டையை மூக்குவரை இழுத்துக்கொண்டான். மூன்று நாளில் தன் மூக்கில் அந்த நாற்றமே குடியேறிவிட்டதென்றும், ஐந்து கிளாஸிலும் அண்ணனின் தொட்டிதான் வந்ததென்றும் அங்கிருந்தே ஒப்புக்கொண்டான். இந்த வேலைக்கு அங்கே தகுதியான ஆள் கோரின் ஒருத்திதான். குனிந்து, இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டாள். அது அதிர்ந்து ஓட ஆரம்பித்தது.

“சொல்லு, வாசம் எப்படி இருக்கு?” என்றாள்.

“வேணாம் கோரி.”

“சொல்லுன்னா சொல்லு.”

வெண்டல் சட்டையைக் கொஞ்சம் இறக்கி, மூச்சை இழுத்து, கண்ணை மூடினான். “முதல்ல அண்ணன். அப்புறம் நேத்து சாப்பிட்ட பீன்ஸ். அடியில லேசா ஒரு புகை மாதிரி.”

“அப்புறம்?”

“போக மாட்டேங்குது. நின்னுக்கிட்டே இருக்கு.”

நல்ல ஒயினைப் பற்றிக் கேட்டது போல் அவள் தலையசைத்து, குழாயை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள்.