எறும்பு குடியேறிய வாசல்

ஜெயந்திமாலாவுக்கு ஒரு வாசல் வேண்டும். அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளில், மாடிப்படிக்குக் கீழே கைக்குட்டை அளவு இடத்தில் கோலம் போட்டு அலுத்தவள். வேங்கிக்காலில் சொந்த வீடு கட்டியதும் முன்பக்கம் முழுக்கக் கான்கிரீட் போடச் சொன்னாள். மகள் நிவேதாவின் நிச்சயதார்த்தத்துக்கு அங்கே போடப்போகும் கோலத்துக்கு மனசுக்குள் புள்ளியும் வைத்துவிட்டாள்.

கொத்தனார் இருசப்பன் சித்திரை வெயிலில் தளம் போட்டார். மறுநாள் அதன்மேல் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினார்.

"ஒரு வாரம் தண்ணி வத்தக்கூடாது, நயினாரே. இந்த வெயில்ல காஞ்சா பொளந்துக்கும்" என்று ஜெயந்திமாலாவின் கணவர் ஜினசேனனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத சமணர் என்று ஜினசேனனுக்குப் பெயர். அந்தப் பெயர்தான் வினை. சாயங்காலம் பாத்தியில் எறும்புகள் மிதப்பதைப் பார்த்தார். டீ வடிகட்டியை எடுத்துவந்து ஒவ்வொன்றாகக் கரையேற்றினார். அள்ள அள்ள விழுந்துகொண்டே இருந்தன. கடைசியில் பாத்தியை உடைத்துத் தண்ணீரைத் தெருவுக்கு விட்டுவிட்டார்.

"ஏங்க, தளம் காயுதே!"

"காயட்டும். அதுக்கு இன்னா, உயிரா இருக்குது?"

காய்ந்தது. கேட்டிலிருந்து வாசற்படி வரை நெடுக விரிசல் ஓடியது. பிழைத்த எறும்புகள் நன்றி மறக்காமல் அதிலேயே குடும்பத்தோடு குடியேறின.

இருசப்பன் விரிசலை அடைக்கச் சிமென்ட் கரைத்துக்கொண்டு வந்தபோது ஜினசேனன் குறுக்கே நின்றார்.

"உள்ள குடித்தனம் இருக்குதுப்பா. காலி பண்ணட்டும்."

"எப்ப பண்ணும்?"

"சொல்லியிருக்கேன்."

உண்மையிலேயே சொல்லியிருந்தார். தினமும் காலையில் விரிசல் பக்கத்தில் குந்தி, அடுத்த காலி மனையில் வேப்பமரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது என்று எடுத்துச் சொல்வார். வழி தெரியட்டும் என்று விரிசலிலிருந்து அந்த மரம் வரை சர்க்கரையும் தூவினார். காலி மனை எறும்புகள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்துவிட்டன.

ஜெயந்திமாலாவுக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்தது. கோலம் போனால் போகட்டும். வெடித்த வாசலைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு ஒரு வீட்டை ஒழுங்காகக் கட்டத் துப்பில்லை என்று சம்பந்தி வீட்டார் திரும்பிப் போய்விட்டால்?

நிச்சயதார்த்தத்தன்று ஜினசேனன் கடைசி முயற்சியாக அதே வழியில் ஒரு படி சர்க்கரையைக் கொட்டினார். வாசல் முழுக்க எறும்பு. கீழ்பென்னாத்தூரிலிருந்து கிளம்பிய சம்பந்தி வேன், பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த கூட்டத்தில் மாட்டிச் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. சமண வழக்கப்படி, பொழுது சாய்ந்தால் இரண்டு வீட்டாரும் வாயில் சோறு வைக்க மாட்டார்கள். வந்தவர்களோ கேட்டருகிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களும் சமணர்கள், ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா வீரேந்திரன் குனிந்து விரிசலை உற்றுப் பார்த்தார்.

"தளத்துக்குத் தண்ணி கட்டலீங்களா?" என்றார் வீரேந்திரன்.

"கட்டினேன். எறும்பு ஜாஸ்தியா விழுந்துச்சு. தொறந்து விட்டுட்டேன்" என்றார் ஜினசேனன், தலையைத் தொங்கப்போட்டபடி.

வீரேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சம்பந்தி! நானும் தொறந்து விட்டவன்தாங்க! எங்க வாசல் மூணா பொளந்து கெடக்குது. இப்படி ஒரு வீட்லதான் பொண்ணு எடுக்கணும்னு இருந்தேன்."

தாம்பூலத் தட்டு மதிலுக்கு மேலாகக் கைமாறியது. சாப்பாடும் அதே வழியாகத் தெருவுக்கு இறங்கியது. வெளிச்சம் போவதற்குள் எல்லோரும் நின்றபடியே சாப்பிட்டு முடித்தார்கள்.

ஜெயந்திமாலாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மதிலோரம் நின்ற சம்பந்தியம்மாவிடம், "அப்ப உங்க வீட்ல கோலம் எங்கங்க போடுவீங்க?" என்று கேட்டாள்.

"மாடிப்படிக்குக் கீழ கொஞ்சம் எடம் இருக்குதுங்க. ஒரு கைக்குட்டை அளவுக்கு."

ஜெயந்திமாலா நிவேதாவைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பெண்ணைப் பிரியப்போகும் துக்கம் என்று நினைத்து எல்லோரும் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தே அவளைத் தேற்றினார்கள்.