கட்டிலின் நடுப்பள்ளம்

மாமியார் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து சோபாவில் படுக்க ஆரம்பித்ததும் வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மகன் முதலில் கேட்டுப் பார்த்தான்.

"உள்ள காத்தே வரல" என்றார் மாமியார்.

படுக்கையறையில் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல் இருந்தது. ஹாலில் இருந்ததோ ஒரு மின்விசிறி. அதுவும் சுற்றுவதைவிடச் சத்தம் போடுவதுதான் அதிகம். மகன் அதற்கு மேல் கேட்கவில்லை.

மாமனார் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். வாட்டசாட்டமான ஆள். வாசற்படியில் அவர் வந்து நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் குறையும். தெருவில் எல்லோருக்கும் அவர் 'டபுள் லோடு'. அவரும் ஏதோ பட்டம் வாங்கியதுபோல அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார். மாமியார் தையல்காரர், வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைப்பவர். அவ்வளவு ஒல்லி. கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றால் நாடா எது, அம்மா எது என்று தெரியவில்லை என்பான் மகன்.

மருமகள் அந்த வீட்டுக்குப் புதிது. கட்டில் செய்யும் பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்தாள். மெத்தையைத் தாங்கும் அடிச்சட்டங்களைப் பொருத்துவதும் சரிபார்ப்பதும் அவள் வேலை. ஆனால் மாமனார் மாமியார் விவகாரத்தில் எதுவரை மூக்கை நுழைக்கலாம் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் சோபாவில் ஒரு போர்வையை மடித்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

மாமனாரால் சும்மா இருக்க முடியவில்லை. தான் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்து யோசித்து ஒன்றும் அகப்படாமல், கடைசியில் மனைவியைச் சமாதானப்படுத்த அவருடைய தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டார். லாரிக்குப் போட்டுப் பழகிய கை. அடுத்த நாள் மாமியார் தைத்த வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கக் கறுப்புப் பொட்டு. மாமனார் திட்டு வாங்கத் தயாராக நின்றார். மாமியார் சட்டையைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, "மிஷின் நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லிப் போய்விட்டார்.

"பாத்தியாடா? திட்டவே மாட்டேங்கறா" என்று மாமனார் மகனிடம் கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்தால் பக்கத்து வீட்டில் டிவியைக் குறைப்பார்கள். "ஏதோ பெரிசா இருக்கு. நான் என்ன பண்ணேன்னே தெரியலயே!"

மகன் அக்காவுக்குப் போன் போட்டான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்காவுக்கு வீட்டில் 'ஜட்ஜம்மா' என்று பெயர். யார் வீட்டுப் பஞ்சாயத்தானாலும் அழைக்காமலே வருகிறவள், அழைத்தால் விடுவாளா? லீவு போட்டுவிட்டு, பையோடு காலையிலேயே வந்து இறங்கினாள்.

"அப்பா, நீங்க என்ன சொன்னீங்க அம்மாவ?"

"ஒண்ணுமே சொல்லலம்மா."

"அதான் தப்பு. ஏதாவது சொல்லணும்ல? புதுசா டிரெஸ் போட்டா நல்லா இருக்குன்னு சொல்லணும்."

"அவ புதுசா ஒண்ணும் போடலயே!"

"இப்படிப் பேசினா யாருதான் பக்கத்துல படுப்பாங்க?" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு ஜட்ஜம்மா அம்மாவைத் தேடிப் போனாள். அம்மா துணி கொடுக்கப் போயிருந்தார். மாமனார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார்.

மாமனாரும் மாமியாரும் வெளியே போயிருந்த அந்த நேரத்தில்தான் மருமகள் படுக்கை விரிப்பை மாற்றப் போனாள். பழைய விரிப்பை உருவியதும் அவள் கை நின்றது. மெத்தையின் நடுவில் குழி. மாமனார் படுக்கும் பக்கத்திலிருந்து மாமியார் பக்கம்வரை சட்டிபோல் பள்ளம். மெத்தையின் ஒரு முனையைத் தூக்கினாள். குறுக்கே போட்டிருந்த ரீப்பர் கட்டைகள் வளைந்து கிடந்தன. இரண்டு முறிந்தே போயிருந்தன. தரையில் முழங்காலிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். நடுச்சட்டத்தைத் தாங்க வேண்டிய கால் அங்கே இல்லவே இல்லை. கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது.

"அண்ணி! கொஞ்சம் இங்க வாங்க."

ஜட்ஜம்மா வந்தாள். மருமகள் கணவனையும் கூப்பிட்டு, சமையலறையிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கிவரச் சொன்னாள். மூட்டையை மாமனார் படுக்கும் இடத்தில் வைத்தார்கள்.

"அண்ணி, நீங்க அத்தை பக்கம் படுங்க. ஓரமா."

"எதுக்கு?"

"படுங்களேன், சொல்றேன்."

ஜட்ஜம்மா படுத்தாள். படுத்த மாத்திரத்தில் மெல்ல நழுவ ஆரம்பித்தாள். "ஏய்... ஏய்..." என்று கையால் துழாவினாள். பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் உருண்டு போய் மூட்டையைக் கட்டிக்கொண்டாள். அதே நேரம் மாமியார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தன் கட்டிலில் தன் மகள் அரிசி மூட்டையை அணைத்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்னடி கோலம்?"

மாமியார் மூட்டையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், மருமகளின் முகத்தைப் பார்த்தார். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று தெரிந்ததும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ராத்திரி பூரா இந்தச் சட்டத்தப் புடிச்சுக்கிட்டே படுத்திருப்பேன். கொஞ்சம் கண்ணசந்தா போதும், உருண்டு போய் அவரு மேல இடிப்பேன். புடிச்சுப் புடிச்சுக் கை வீங்கிப் போச்சு. கத்தரி புடிக்க முடியல."

"அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் ஜட்ஜம்மா, இன்னும் மூட்டையை விடாமல்.

"சொல்லிட்டு? நீ சின்னப் பொண்ணா இருந்தப்ப ஒரு விசேஷத்துல இவரு உக்காந்த நாற்காலி ஒடஞ்சு எல்லாரும் சிரிச்சுட்டாங்க. மனுஷன் சாப்பாட்டையே நிறுத்திட்டாரு. வெறும் வெள்ளரிக்காய். ஸ்டியரிங் புடிச்சுக்கிட்டே தலை சுத்தி, நல்லவேளை, வண்டிய ஓரங்கட்டிட்டாரு. தெருவுல டபுள் லோடுன்னா திரும்பிப் பாப்பாரு, ஆனா வீட்டுல அன்னைல இருந்து அவரு கனத்தப் பத்தி நான் வாயே தொறக்கறதில்ல."

மருமகள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தயக்கம் எங்கே போனதோ தெரியவில்லை. இது அவள் தொழில்.

"அத்தை, இதுல மாமா மேல ஒரு தப்பும் இல்ல. நடுக்கால் இல்லாத கட்டில்ல யார் படுத்தாலும் பள்ளம் விழும். அந்தக் கால் எங்க போச்சுன்னுதான் தெரியல."

அதுவரை சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த அவள் கணவன் தொண்டையைச் செருமினான்.

"ரவுண்டா, கறுப்பா இருக்குமே... அதுவா?"

"ஆமா."

"தரைக்கு டைல்ஸ் போட்டப்ப கட்டிலக் கழட்டி மாட்டினேன்ல. எல்லாம் மாட்டினப்புறம் ஒண்ணு மிச்சமாச்சு. தேவையில்லாததுன்னு நெனச்சேன்." அசடு வழிந்தபடி வாசல் பக்கம் கையைக் காட்டினான். "கதவு அடிச்சுக்குதுன்னு முட்டு குடுத்து வச்சேன்."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வாசற்கதவுக்கு அடியில், கம்பீரமாக, கட்டிலின் நடுக்கால்.

"இத்தன நாளா அம்மா சோபால கெடந்ததுக்கு நீதான் காரணமா!" என்று ஜட்ஜம்மா கத்தினாள். அன்றைய இரண்டாவது தீர்ப்பில் தம்பி வசமாக மாட்டிக்கொண்டான்.

முறிந்த கட்டைகளோடு காலை மட்டும் மாட்டிப் பிரயோஜனமில்லை என்றாள் மருமகள். பட்டறையில் புது மாதிரி அடித்தாங்கி ஒன்று இருந்தது. இரண்டு தனித்தனிப் பாதிகள். ஒருவர் புரண்டால் மற்றவருக்குத் தெரியாது. யார் என்ன கனமோ அதற்கேற்ப அவரவர் பக்கத்தை இறுக்கமாகவோ மெத்தென்றோ வைத்துக்கொள்ளலாம். அதைக் கொண்டுவருவதாகச் சொன்னாள்.

"உங்க மாமாகிட்ட காரணத்த மட்டும் சொல்லிடாத" என்று மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பட்டறையில சோதனைக்குக் குடுத்தாங்கன்னு சொல்லிடறேன், அத்தை."

விடுமுறை நாளில் காலையிலேயே பட்டறை வேன் வந்தது, பின்னாலேயே ஜட்ஜம்மாவும். சோதனை என்ற வார்த்தையைக் கேட்டதும் மாமனாருக்குக் குஷி கிளம்பிவிட்டது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய கட்டைகளைத் தானே உருவி வெளியே அடுக்கினார். மருமகள் இரண்டு பாதிகளையும் கட்டில் சட்டத்துக்குள் இறக்கி, கீழே இருந்த திருகு கால்களைச் சுற்றி மட்டம் பார்த்தாள். பிறகு ரப்பர் கிண்ணங்களில் ஒவ்வொரு கட்டையாகச் செருகினாள். கட்டைகள் வில்போல் மேல்நோக்கி வளைந்திருந்தன. இடுப்பு வரும் இடத்தில் மட்டும் இரட்டைக் கட்டை, அதில் இங்குமங்கும் நகர்த்த ஒரு கிளிப்.

மாமனார் ஒரு கட்டையை எடுத்து அழுத்திப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, இது லாரிப் பட்டைல்ல! வண்டிக்கு அடியில இப்படித்தான் வில்லு வில்லா வச்சு லோடத் தாங்கும்!"

"அதேதான், மாமா."

"நடுவுல தாங்கு இல்லன்னு வையி, லோடு ஒரே பக்கம் அமுங்கிடும். அப்புறம் எடை இல்லாத சாமான் சும்மா நிக்குமா? உருண்டு வந்து கனமான சாமான் மேல..."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். வெளியே அடுக்கியிருந்த முறிந்த கட்டைகளைப் பார்த்தார். அறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். மருமகள் திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"அதான் ஹாலுக்குப் போனியா?"

மாமியார் கழுத்திலிருந்த நாடாவைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார். "ஆமா" என்றார் மெதுவாக. "சொன்னா நீங்க சாப்பாட்ட நிறுத்திடுவீங்க."

மாமனார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெரிய முகம் சுருங்கிப்போனது.

"நான் வேற நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

"என்ன நெனச்சீங்க?"

"நீயா வந்து ஒட்டிக்கறன்னு நெனச்சேன்."

மாமியாரின் கையிலிருந்து நாடா நழுவியது.

"வயசாக வயசாக இவளுக்கு நம்ம மேல இவ்வளவு பாசமான்னு..." அவர் காது மடல் சிவந்தது. "டீக்கடைல கூட சொன்னேன்."

ஜட்ஜம்மா தலையணையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றான்.

"டீக்கடைலயா!" மாமியாரின் குரல் கூரையைத் தொட்டது. "அறிவிருக்கா உங்களுக்கு? அங்க அத்தன பேரு உக்காந்திருப்பானுங்க, அவனுங்ககிட்ட போயா! அதான் அந்த மாஸ்டர் என்னப் பாத்தா பல்லக் காட்றானா? நான் இனிமே அந்தத் தெருவுல எப்படி நடப்பேன்? மிஷின்ல எண்ணெயக் கொட்டினது பத்தாதுன்னு..."

மாமனார் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. மகன் பக்கம் திரும்பினார்.

"அப்பாடா. திட்டிட்டாடா!"

அதைக் கேட்டு மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கி, விரலை நீட்டி எச்சரித்தார். "இத பாருங்க. உங்க கனத்துல ஒண்ணும் கொறையில்ல. கட்டிலுக்குத்தான் கால் இல்ல. அத உங்க புள்ள கதவுக்குக் குடுத்துட்டான். இன்னைக்கு ஒரு வேள சாப்பாட்ட விட்டீங்கன்னாலும் நான் திரும்ப சோபாவுக்குப் போயிடுவேன்."

"விடமாட்டேன்" என்றார் மாமனார். சொன்னபடி மத்தியானம் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் இருவரையும் படுக்கவைத்து மருமகள் சரிபார்த்தாள். மாமனார் பக்கத்துக் கிளிப்புகளை ஓரத்துக்குத் தள்ளி இறுக்கமாக்கினாள். மாமியார் பக்கத்தில் நடுவுக்குத் தள்ளி மெத்தென்று ஆக்கினாள். இரு பக்கத் தலைமாட்டையும் சேர்த்துப் பல் பல்லாக உயர்த்த ஒரு தாங்கி இருந்தது. மாமனார் அதை ஏற்றுவதும் இறக்குவதுமாக விளையாட, மாமியார் கூடவே ஏறி இறங்கி, "போதும், தலை சுத்துது" என்றார்.

சோபா ஹாலில் காலியாகக் கிடந்தது. தலைமாடு உயர்ந்ததில் மாமனாரின் குறட்டை பாதியாகக் குறைந்தது. மாமியாரின் கை வீக்கம் வற்றியது. கத்தரி பழையபடி சரசரவென்று ஓட ஆரம்பித்தது. மருமகள் அந்த வீட்டில் இப்போதெல்லாம் யாரையும் கேட்காமல் எதை வேண்டுமானாலும் கழற்றினாள், மாட்டினாள்.

சில வாரங்கள் போயின. ஒருநாள் மத்தியானம் மாமியார் பட்டறைக்கே வந்துவிட்டார். அதற்கு முன் அங்கே அவர் வந்ததே இல்லை. கையில் மருமகளின் டிபன் டப்பா. மருமகள் அன்று டப்பாவை மறக்கவில்லை. அது அவள் வீட்டில் வைத்திருந்த பழைய டப்பா, உள்ளே ஒன்றுமில்லை.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல. இந்தப் பக்கம் வந்தேன்." மாமியார் சுற்றிலும் இருந்த கட்டில்களைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். "ஏம்மா, அந்த ரெண்டு பாதியையும் நடுப்பக்கம் கொஞ்சம் சரிவா வைக்க முடியுமா?"

"பள்ளமாவா?"

"சீ, பழைய மாதிரி இல்ல. ரொம்பக் கொஞ்சம்." அவர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து நடுவில் ஒரு நூலிடை விட்டுக் காட்டினார். "இப்ப அவரு பக்கத்துல இருக்காரா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது."

மருமகள் சிரிக்கவில்லை. வேலை விஷயத்தில் அவள் சிரிப்பதில்லை. மாதிரிக் கட்டில் ஒன்றின் அடியில் குனிந்து, இரண்டு பாதிகளின் உள்பக்கத் திருகு கால்களைக் காட்டி, எந்தப் பக்கம் சுற்றினால் இறங்கும் என்று விளக்கினாள். ஸ்பேனரையும் கொடுத்தனுப்பினாள்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து மாமியாரின் இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மாமனார் தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் கத்துகிற அதே குரலில், தெருவுக்கே கேட்கும்படி, சொல்லிக்கொண்டிருந்தார்:

"வரட்டும்... வரட்டும்... இன்னும் வரட்டும்..."