கோடிச் சேலை

குளிப்பாட்டி முடித்து, மாரீஸ்வரியின் ஈரத் தலையைப் பெண்கள் துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, தாய்மாமன் கோடி எங்க? அதப் போர்த்தித்தான தூக்கணும்" என்றாள் சந்தனம்மாள், மாரீஸ்வரியின் அப்பா நல்லகண்ணுவின் அக்கா.

கேட்டுவரப் போன ஆள் வாசலிலேயே நின்றான். "வரமாட்டாகளாம்."

பன்னிரண்டாவது முடித்ததுமே மாரீஸ்வரியைத் தன் மகனுக்குக் கேட்டவர் தாய்மாமன் தங்கபாண்டி. நல்லகண்ணு அந்தத் தாயில்லாப் பிள்ளையைப் பெரியகுளத்தில் அரசு மாணவியர் விடுதியில் சேர்த்துக் கல்லூரிக்கு அனுப்பினார். அன்றோடு அந்த உறவு அறுந்தது. இப்போது டெங்குக் காய்ச்சல். நேற்று தேனி பெரியாஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

பந்தலின் ஓரத்தில் விடுதிப் பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய வார்டன் ஞானசெல்வி எழுந்து வந்தாள். கையில் கத்திரிப்பூ நிறத்தில் மடிப்புக் கலையாத சேலை.

"அண்ணே, ஆஸ்டல் விழாவுக்குன்னு புள்ளைக எல்லாரும் ஒரே மாதிரி எடுத்தாளுக. இது மாரீஸ்வரிக்குள்ளது. கட்டிவிடலாம்னுதான் கொண்டாந்தோம். இதக் கோடியாப் போடலாமா?"

"அதெப்புடி?" என்றாள் சந்தனம்மாள். "ஒறவுக்காரக போடுறதாச்சே. இவுக யாரு நமக்கு?"

நல்லகண்ணு எழுந்து அக்காவின் முன்னால் வந்து நின்றார்.

"நான் மலையில வேலைக்குக் கெடந்தேன்க்கா. காய்ச்சல்ல அவ அனத்தையில ஈரத்துணி போட்டது இவுக. ஆஸ்பத்திரியில கையப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தது இவுக. இன்னும் என்ன ஒறவு வேணும்?" ஞானசெல்வியின் பக்கம் திரும்பினார். "நீங்க போடுங்கம்மா."

ஞானசெல்வியால் தனியாகச் சேலையை விரிக்க முடியவில்லை. பெண்கள் ஓடிவந்து ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். கழுத்துவரை போர்த்தினார்கள். ஒருத்தி, தூங்குகிறவளுக்குச் செய்வதுபோல, கால்மாட்டில் துணியைச் செருகிவிட்டாள். சந்தனம்மாள் அந்தப் பெண்ணை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு பெருங்குரலெடுத்து அழுதாள்.

அடக்கம் முடிந்து நல்லகண்ணு ஈரவேட்டியோடு திரும்பியபோதும் அவர்கள் போகாமல் இருந்தார்கள்.

"பொழுது சாயுறதுக்குள்ள போய்ச் சேருங்கம்மா" என்று பஸ் நிறுத்தம் வரைக்கும் அவரே கூட்டிப் போனார்.

பெரியகுளம் பஸ் வந்தது. ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். கடைசியாக ஞானசெல்வி ஏறினாள்.

"ஆஸ்டல் புள்ளைக எல்லாரும் ஏறியாச்சாண்ணே?" என்று கண்டக்டர் படியில் நின்று கேட்டார்.

நல்லகண்ணு திரும்பி, ஊரிலிருந்து வரும் பாதையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏறியாச்சு" என்றார்.