ஜன்னலோரம் ஒருத்தி, பதினாலாம் வரிசையில் மூவர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. என் வீட்டுப் பிரிண்டரிலிருந்து வந்து விழுந்தது.

கீழ்வீட்டுக்காரர் அவர்கள் குடும்பத்து போர்டிங் பாஸை அச்செடுக்க மாடி ஏறி வந்தார். அவருடைய பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டதாம். (ஒரு பள்ளிக்கூடத்துக்கே தேர்வுப் பட்டியல் அடித்துத் தள்ளுகிற பிரிண்டர். தீராமல் என்ன செய்யும்?) தாள் வெளியே வந்ததும் முதலில் எடுத்துப் பார்த்தது நான்தான். அடுத்த வீட்டுத் தாளைப் படிக்கலாமா என்பீர்கள். என் பிரிண்டர், என் தாள், என் கண்.

நாலு பேர். அவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பதினாலாம் வரிசையில் ஏ, பி, சி. மனைவிக்கு மட்டும் இருபத்தேழு எஃப்.

"பாத்தீங்களாக்கா அநியாயத்தை? நாலு சீட்டும் ஒண்ணாத்தான் போட்டிருந்தோம். விமானத்தையே மாத்திட்டாங்களாம், அதனால சீட்டும் மாறிடுச்சாம். மூணு பேரை ஒண்ணா வச்சிட்டு ஒருத்தியத் தூக்கிக் கடைசியில போட்டிருக்கான். இது என்ன கணக்கு?"

"அதானே" என்றேன். எனக்கும் அதே சந்தேகம்தான். கலைந்துபோனது என்றால் நாலும் அல்லவா கலைந்திருக்க வேண்டும்? மூன்று மட்டும் எப்படிச் சேர்ந்து நிற்கிறது?

அன்றைக்கே கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

தொடக்கங்கள் சில.

விமானம் மேகங்களைக் கிழித்துக்கொண்டு

(அடித்துவிட்டேன். விமானம் இன்னும் கிளம்பவே இல்லை. சொல்லிவைக்கிறேன், இந்தக் கதையில் அது கிளம்பப் போவதும் இல்லை.)

அவள் ஒரு மெழுகுவர்த்தி. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே

(பச்சைப் பொய். அவள் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள், அதுவும் அந்த வீட்டில் உள்ள ஒரே நல்ல நாற்காலியில். "அம்மா நாற்காலி" என்று பிள்ளைகளே விலகிப் போகும். கீழ்வீட்டுச் சாப்பாட்டு மேசை என் படிக்கட்டு ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும்.)

எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கதையில் ஒரு பெண் தனியாக இருக்க ஆசைப்பட்டால் உடனே அவளுக்கு ஒரு கொடுமைக்காரப் புருஷனைக் கட்டிவைத்துவிடுவோம். ஆசைக்குக் காரணம் காட்டாவிட்டால் வாசகர் நம்பமாட்டார் என்று பயம். இங்கே அந்த வசதியும் இல்லை. மனுஷர் தங்கம். தொணதொணப்பு உண்டு, ஆனாலும் தங்கம்.

3

அவரைத் தெருவில் "ஹால் சார்" என்பார்கள். இருபது வருஷமாகப் பள்ளியில் தேர்வு அறையில் யார் எங்கே உட்காருவது என்று கட்டம் போடுவது அவர் வேலை. சினேகிதர்களை ஆளுக்கொரு மூலை. அண்ணன் தம்பி என்றால் ஆளுக்கொரு அறை. ஒரு வருஷம் இரட்டைப் பெண்களைப் பிரித்துப் போட்டு, இரண்டும் வராந்தாவில் கட்டிப்பிடித்து அழுததை அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். யாரையும் அவர் கேட்டதில்லை. தேர்வு அறையில் "உனக்கு எங்கே உட்கார இஷ்டம்?" என்று எந்த வாத்தியார் கேட்பார்? கட்டத்தில் எண் வந்தால் வந்ததுதான்.

அப்படிப்பட்டவர் குடும்பத்தை இன்னொருவர் பிரித்துப் போட்டால் எப்படி இருக்கும்? எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது. உங்களுக்கும் வந்திருந்தால் மறைக்க வேண்டாம்.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். காலை முதல் சாயங்காலம் வரை "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று அடுத்தவர்களை உட்காரவைக்கிற வேலை. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பிழைப்பே இருக்கை சம்பந்தப்பட்டதாக அமைந்துவிட்டது. நானாகக் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு பொருத்தமாக வைத்திருக்கமாட்டேன். செயற்கையாக இருக்கிறது என்பீர்கள்.

4

அவர்கள் அவருடைய அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிவந்த பிறகு, மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது அவளைப் பிடித்தேன்.

"ஏம்மா, அந்தச் சீட்டு தானா வரலை, இல்ல?"

வாயில் இரண்டு கிளிப்பை வைத்திருந்தாள். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"எனக்கு வேற என்ன வேலை?"

அப்புறம் சொன்னாள். நடந்தது இதுதான்.

விமானம் மாறிய செய்தி அவள் போனுக்குத்தான் வந்தது. நாலு பேரையும் நாலு திசையில் போட்டிருந்தார்கள்: ஒன்பது, பதினெட்டு, இருபத்திரண்டு, இருபத்தேழு. வேண்டுமானால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்று கீழே விமானத்தின் படமும் இருந்தது. உள்ளே ஒருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், வெளியே கூட்டமில்லை. அவள் விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டாள். பதினாலில் ஏ, பி, சி காலி. மூன்று பேரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தாள். நடைபாதைக்கு அந்தப் பக்கம், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், டி காலியாக இருந்தது.

"தொட்டிருக்கலாம்க்கா. ஒரு தடவை தொட்டா முடிஞ்சுது."

தொடவில்லை. இருபத்தேழு எஃப் கிடந்தது கிடந்தபடி இருக்கட்டும் என்று போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

(அவள் இடம் மாறவில்லை. மாறாமல் இருந்தாள், அவ்வளவுதான். இது குற்றமா இல்லையா என்று ஒரு முழு மத்தியானம் யோசித்தேன். என் தையல் வேலை கெட்டதுதான் மிச்சம்.)

"அப்படி அங்க போய் என்ன பண்ணணும்னு இருந்தே?"

"ஒண்ணும் இல்லைக்கா. எதப் பாத்தாலும் 'அங்க பாரு, அங்க பாரு'ன்னு சின்னதுக்குக் காட்டணும், பெரியவனுக்கு விளக்கணும், இவரு அது அப்படி இல்லைன்னு திருத்துவாரு. ஒரே ஒரு மேகத்தையாவது யாருக்கும் காட்டாம பாக்கணும்னு இருந்துச்சு."

அப்புறம், "இத எழுதிடாதீங்கக்கா" என்றாள்.

"சேச்சே" என்றேன்.

5

விமான நிலையக் கவுன்டர். இந்தப் பகுதியை வேகமாகக் கடக்கலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை; அவள் இங்கே கிட்டத்தட்ட மாட்டிக்கொண்டாள்.

ஹால் சார் நாலு தாளையும் மேசையில் விரித்துவைத்து, "இது என்னம்மா ஏற்பாடு? குடும்பத்தைப் பிரிக்கிறதுக்கு ஒரு முறை வேணாமா?" என்று தொடங்கினார்.

கவுன்டர் பெண் திரையைப் பார்த்தாள். "சார், இது நீங்களே மாத்திக்கிட்டதாத்தான் காட்டுது."

"நாங்களா? எங்க வீட்ல யாரு மாத்துவா?"

மனைவி சட்டென்று பக்கத்தில் நின்ற சின்னவளைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து சின்னவளின் காதில் ஏதோ கேட்டாள். நிமிர்ந்து, "என்னங்க, இவளுக்கு அவசரமா வருதாம்" என்றாள்.

"எனக்கு வரலையே" என்றது சின்னது.

"வரும், வா."

அவர்கள் திரும்பி வருவதற்குள் அவர், கம்ப்யூட்டர் என்றாலே பொய் சொல்லும் என்பதை அந்தப் பெண்ணுக்கு விளக்கி முடித்திருந்தார். இடம் எல்லாம் நிரம்பிவிட்டது, உள்ளே போய் யாரையாவது கேட்டுப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தாள் அவள்.

6

பதினாலாம் வரிசையில் மூன்று பேரையும் உட்காரவைத்தாள். தண்ணீர் பாட்டில், வண்ணப் பென்சில், கைக்குட்டை எல்லாம் அவர் மடியில்.

"அம்மா, நீ எங்க இருப்பே?"

"பின்னாடி இருக்கேன். என்ன வேணும்னாலும் அப்பாகிட்ட கேளு."

"அப்பாவுக்கு எது எங்க இருக்குன்னே தெரியாதே."

"தேடுவாரு."

பதிமூன்று வரிசை தள்ளிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கீழே ஒருவன் வண்டியிலிருந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரு பெட்டி நழுவி விழுந்தது. அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் பெட்டியைத் தட்டிக்கொடுத்து, மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி, மெதுவாக ஏற்றினான். "அங்க பாரு" என்று அவள் வாய் வரை வந்தது. பக்கத்தில் தெரிந்தவர் யாரும் இல்லை. வாயை மூடிக்கொண்டு தனக்குள் சிரித்தாள். அந்தப் பெட்டி முழுக்க அவளுடையது. (பிறகு என்னிடம் சொன்னாள், நான் உங்களிடம் சொல்லிவிட்டேன். என்னிடம் எது தங்கியிருக்கிறது?)

அப்போது ஹால் சார் வந்தார். கையில் வாந்திப் பை. அதன் மேல் சிவப்புப் பேனாவில் கட்டம் போட்டு, அம்புக்குறி எல்லாம் வரைந்திருந்தார். பின்னால், கழுத்தில் தலையணை மாட்டிய ஒருவர்.

"ஏம்மா, எழுந்திரு. எல்லாம் பேசிட்டேன். சார்தான் பதினாலு டி. பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டாரு."

"எனக்கு ஜன்னல்னா ரொம்ப சந்தோஷம்மா" என்றார் தலையணைக்காரர். "சாஞ்சுக்க வசதி."

"பரவாயில்லைங்க. நாலு மணி நேரம்தானே, நான் இங்கயே இருந்துக்கிறேன்."

"நாலு மணி நேரம் தனியா உக்காந்து என்ன பண்ணுவே?"

அவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"சின்னது அழுதா?"

"அழுவுதா?"

"இல்ல. அழுதா?"

தலையணைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"சரி, நடைபாதைக்கு அந்தப் பக்கம் உக்கார உனக்கு இஷ்டமில்லைன்னா ஒண்ணு பண்ணலாம். நீ என் சீட்டுக்குப் போ, நான் இங்க வந்துடறேன். உன்னை மட்டும் ஒதுக்கி வச்ச மாதிரி இருக்குடி, எனக்கு மனசே கேக்கல."

மனதாரச் சொன்னார். அதுதான் சிக்கலே. கொஞ்சம் எரிந்து விழுந்திருந்தால் அவளும் ஒரு வார்த்தை சொல்லி உட்கார்ந்திருப்பாள். ஒதுக்கிவைத்தது யார் என்று தெரியாமல் ஒரு மனுஷர் வாந்திப் பையும் கையுமாக நின்றுகொண்டு கலங்கினால் என்ன செய்வது?

விமானப் பணிப்பெண் வந்தாள். "கதவு மூடப் போறோம் சார். யாரு எங்கன்னு முடிவு பண்ணி உடனே உக்காருங்க."

7

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

அவள் எழுந்து போகிறாள். பதினாலு டியில் உட்கார்ந்து, யாரோ கேட்ட கைக்குட்டையை எடுத்துக் கொடுக்கிறாள். (சுலபம். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.)

அவள் உண்மையைச் சொல்கிறாள். "நான்தாங்க இந்தச் சீட்டை விட்டுவச்சேன்." அவர் கையிலுள்ள கட்டத்தைப் பார்க்கிறார். பிறகு அவர் முகம் (இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அந்த முகத்தைத் தினமும் படிக்கட்டில் பார்க்கிறவள் நான்.)

அவள் தூங்கிவிட்டதாக நடிக்கிறாள். (இரண்டு வாக்கியத்துக்கு நடுவே யார் தூங்குவார்கள்?)

8

நிஜத்தில் என்ன ஆனது? கேட்காமல் இருப்பேனா? "அப்புறம்?" என்று கேட்ட நேரம் பார்த்துக் கீழேயிருந்து சின்னது, "அம்மா, என் இன்னொரு செருப்பு எங்க?" என்று கத்தியது. கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஹால் சாரைப் படிக்கட்டில் மடக்கினேன். "அதெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுக்கா" என்றார். இது ஒரு பதிலா?

மறுநாள் அவளிடம் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கிடைத்தது. நடு சீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"யாரோ. முகம் ஞாபகம் இல்லைக்கா. முட்டி மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

ஆக, இருபத்தேழு ஈ எனக்குக் காலியாகக் கிடைத்தது. நீங்கள் உட்காருங்கள். ஆமாம், உங்களைத்தான். இவ்வளவு நேரம் என்னோடு சேர்ந்து எட்டிப் பார்த்துவிட்டு இப்போது எழுந்து போகலாம் என்று நினைக்காதீர்கள். நடைபாதையோரம் இருந்தவர் சொன்ன பேச்சுக் கேட்கிற ரகம். ஏற்கெனவே எழுந்து வழிவிட்டாயிற்று. இனி அவள் வெளியே வருவதென்றால் உங்களைத் தாண்டித்தான் வர வேண்டும்.

ஹால் சார் கை நீட்டுகிறார். தலையணைக்காரர் கழுத்தைச் சரிசெய்துகொள்கிறார். பணிப்பெண் கடிகாரத்தைப் பார்க்கிறாள். பதினாலு டியை அவள் தொடாமல் விட்ட சமாசாரம் அவர்கள் மூவருக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும். முட்டியை மடக்கி வழி விடலாம். மடக்காமல், "ஏங்க, அவங்களுக்கு இங்க நல்லாத்தானே இருக்கு?" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். முன்பின் தெரியாதவர் நீங்கள், சொன்னால் எடுபடும். அதன் பிறகு அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதும் நீங்கள்தான்.

நான் வாயைத் திறப்பதாக இல்லை.

அவள் கை பெல்ட்டின் மேல் இருக்கிறது. இன்னும் கழற்றவில்லை. உங்கள் முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.